அழைத்தவனுக்குப் படுத்த நாய்

நொர்ஜ்மாவின் தகரப் பெட்டியில் எல்லாத் தாள்களுக்கும் அடியில் கிடப்பது 1984ஆம் ஆண்டு மார்ச் மாதத்துத் தாள். கூட்டுப் பண்ணையின் மூன்றாம் பிரிவுத் தலைவர் ஒப்பமிட்ட அந்த அறிக்கையில் இருப்பவை ஒன்பது வரிகள். அவற்றில் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வரிகள் அவளுக்கு மனப்பாடம்: "இக்குடும்பத்தின் நாய் மந்த குணமுடையது. துப்பாக்கியுடன் வந்த அந்நியனைக் கண்டும் எழாமல், படுத்த நிலையிலேயே சுடப்பட்டது. ஆகவே ஓநாய்களுக்குப் பலியான பதினான்கு ஆடுகளுக்கும் மேய்ப்பவரின் அலட்சியமே காரணம் என முடிவு செய்யப்படுகிறது."

அப்போது அவளுக்கு வயது இருபத்தாறு. அந்தப் பதினான்கு ஆடுகளைப் பற்றி விசாரிக்கத்தான் பிரிவு அலுவலகத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள். கணவன் யொந்தோன் மந்தையோடு மறுசரிவில் இருந்தான். கம்பளிக் கூடாரத்துக்குக் காவலாக இருந்தது பாசர் என்கிற ஆறு வயது நாய் மட்டும். அது கறுப்பு நாய். புருவத்தில் இரண்டு செம்மஞ்சள் பொட்டுகள் இருந்ததால் நான்கு கண் நாய் என்பார்கள். மாலையில் அவள் திரும்பி வந்தபோது பாசர் முன்னங்கால்களின் மேல் தலையை வைத்தபடி பனியில் கிடந்தது. பனியில் போராட்டத்தின் தடமே இல்லை. குதிரைப் பாதையிலிருந்து நேராக வந்து நேராகத் திரும்பிய ஓர் ஆணின் காலடிகள் மட்டும் இருந்தன. வால் இல்லை. ஆண்டுதோறும் வசந்தத்தில் கேட்பாரற்ற நாய்களைச் சுடுவதற்குப் பண்ணை ஆள் அனுப்பும். சுட்டதற்குச் சாட்சியாக அவன் வாலை அறுத்துக்கொண்டு போவான். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் சுடமாட்டார்கள். பாசரின் துணி அந்த வாரம்தான் இற்று விழுந்திருந்தது.

இறந்த நாயை மேட்டில் புதைக்கும்போது வாலை அறுத்துத் தலைக்கு அடியில் வைப்பது அங்கே வழக்கம். அடுத்த பிறவியில் அது மனிதனாக வரவேண்டும் என்பதற்காக. பாசருக்கு வைக்க வால் இல்லை. யொந்தோன் தன் இடைக்கச்சையின் நுனியைக் கிழித்து வைத்தான். நாயின் மேல் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. ஏன் எழவில்லை? ஒரு முறை உறுமியிருந்தால்கூடப் பின்னால் அந்த ஆறாம் வரியை எழுத அவர்களுக்கு இடமிருந்திருக்காதே.

சிறந்த மேய்ப்பர் பலகையிலிருந்து அவள் படத்தைக் கழற்றினார்கள். நல்ல மந்தையைப் பிடுங்கிக்கொண்டு, ஈனாத கிழட்டு வெள்ளாடுகளை ஐந்தாண்டு மேய்க்கக் கொடுத்தார்கள். அவள் எந்த அறிக்கையையும் அதுவரை வாங்கி வைத்ததில்லை. அந்த ஒன்பது வரிகளின் நகலைக் கேட்டு மூன்று முறை நடந்தாள். மூன்றாம் முறை கொடுத்தார்கள். பெட்டிக்குள் போன முதல் தாள் அது. அதே வாரம் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினாள்: "பாசர். ஆண். ஆறு வயது. நான்கு கண். காவல்: இல்லை."

எழும் நாய் எது, எழாத நாய் எது என்பதை முன்கூட்டியே அறிய முடியுமா? அதன் பிறகு அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த கேள்வி அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். கால்நடை மருத்துவர் தூக்கி எறிந்த ஒரு ரஷ்யக் கையேட்டை எடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தே அந்த மொழியைப் பிடித்தாள். தையல் நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு முழுவதும் நாய்களின் மார்பை அளந்தாள். உயரமும் எடையும் அவளுக்கு இரண்டாம்பட்சம். வாய் உலர்ந்திருக்கிறதா, ஒழுகுகிறதா. நாற்பது பாகைக் குளிரில் எவ்வளவு தின்கிறது. பிறந்த குட்டியாட்டின் அருகில் எப்படிப் படுக்கிறது. ஓநாயை விரட்டிப் போனால் எந்த இடத்தில் நின்று திரும்புகிறது என்று கட்டம் போட்டு எழுதினாள். முப்பத்தோராண்டில் பதினொரு நோட்டுகளும் அறுபத்து மூன்று நாய்களும் சேர்ந்தன. தன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் விட்டதுதான் அவள் செய்த ஒரே தவறு என்று யொந்தோன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான்.

அறுபத்து மூன்றாவது நாய் அர்ஸ்லான். பாசரைப் போலவே கறுப்பு, நான்கு கண். பகலெல்லாம் ஆட்டுப்பட்டியின் ஓரத்தில் செத்ததுபோல் தூங்கும். பொழுது சாய்ந்தால் எழுந்து, காற்று வரும் பக்கத்தில் போய் உட்காரும். ஓநாயை மேட்டின் முதுகு வரை துரத்தும். அதற்கு மேல் ஓரடி வைக்காது. ஐந்து குளிர்காலத்தில் அவள் இழந்தவை இரண்டே ஆடுகள். அவற்றில் ஒன்று ஓநாயால் போனதுமில்லை; பனிக்கட்டி உடைந்து ஆற்றில் போனது.

தமிரான் அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, தலைநகரில் நிலக்கரி லாரிகள் ஓட்டிப் பெரியவனானவன். கூட்டுப் பண்ணை கலைந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட ஓர் இலையுதிர்காலத்தில், ஐந்து இரும்புக் கூண்டுகளோடு ஊர் திரும்பினான். இரண்டில் காக்கசஸ் மலையின் காவல் நாய்கள். இரண்டில் திபெத்திய மஸ்தீப்கள். ஒன்றில் துர்க்மேனியாவின் அலபாய், காதும் வாலும் நறுக்கப்பட்டது. ஓநாயால் ஆடு இழந்த குடும்பங்களுக்கு இவற்றின் குட்டிகளை மாவட்டத்தின் மூலம் கொடுக்கப்போவதாகவும், எந்த இனம் சிறந்தது என்று ஒப்பிட்டு எழுத நொர்ஜ்மாவை விட்டால் ஆளில்லை என்றும் சொன்னான். அவனுடைய மந்தை அடுத்த சரிவில் இருந்தது. கூலிக்கு ஒரு மேய்ப்பன் பார்த்துக்கொண்டான். அவள் மறுநாளே நாடாவோடு போய்விட்டாள்.

அந்தக் கொட்டகையின் நாற்றம் அவளுடைய மேலங்கியை விட்டுப் போக ஒரு மாதம் ஆயிற்று. நாய் நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. இது வேறு. அழுகிய கொழுப்பும், பொட்டலத் தீவனம் செரிக்காமல் கழிந்த கழிச்சலும், அதன் மேல் பூசிய வாசனை எண்ணெயும் சேர்ந்த நாற்றம். மஸ்தீப்களின் பிடரிமயிரை ஒரு பையன் நாள்தோறும் அந்த எண்ணெய் போட்டுச் சீவுவான். அவற்றின் உதடுகள் தாடையைத் தாண்டித் தொங்கின. ஒழுகும் எச்சில் குளிரில் உறைந்து, தாடியில் விரற்கடை நீளத்துக்குக் கொம்பு கொம்பாய் நின்றது. கீழிமை கவிழ்ந்து, உள்சதை சிவப்பாகத் தெரிந்து, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. விருந்தாளிகள் வந்தால் தமிரான் ஒரு துண்டால் நாயின் வாயைத் துடைத்துவிட்டு, படம் எடுத்து முடிந்ததும் அதே துண்டால் ஓட்கா கிண்ணத்தைத் துடைத்துக் கொடுப்பான். நொர்ஜ்மா அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

இருந்தாலும் நோட்டில் அவள் நியாயம் தவறவில்லை. மஸ்தீப் பற்றி இப்படி எழுதினாள்: "குரல் ஆழமானது, மூன்று மேடுகளுக்கு அப்பாலும் கேட்கும். குரலைத் தவிர வேறொன்றும் பட்டியை விட்டு நகராது. பின்னிடுப்பு தளர்வு. தெற்கே பீடபூமியில் மந்தையோடு வளர்ந்த இதே இனத்து நாய்களைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள், அதை நம்புகிறேன். இங்கே வந்திருப்பது அந்த நாயின் முகம் மட்டும்." காக்கசஸ் நாய்க்கு நான்கு பக்கம் செலவானது. துணிச்சலில் அறுபத்து மூன்று நாய்களிலும் அதற்கு இணையில்லை என்று ஒப்புக்கொண்டாள். எதையும் யோசிக்காமல் பாயும். ஒரு மனிதனுக்கு மட்டும் அடங்கும். இரும்பு வாசலைக் காக்க இதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஆடு என்பது தன் பொறுப்பு என்று அதற்குத் தெரியாது. டிசம்பரில் ஓர் ஓநாய் முகம் காட்டியதும் இரண்டும் ஆற்று வளைவு வரை துரத்திக்கொண்டு ஓடின. மற்ற நான்கு ஓநாய்கள் பின்பக்கமாக வந்து அவசரமில்லாமல் ஏழு ஆடுகளை முடித்தன. "நாயின் குற்றம் என்று சொல்லமாட்டேன். குட்டியில் ஆட்டின் வெப்பத்தில் தூங்காத நாய்க்கு ஆடு வெறும் இறைச்சி." அலபாயை அவளுக்குப் பிடித்திருந்தது. நிதானம், அளவான தீனி, தேவையில்லாமல் குரைக்காத வாய். நறுக்கிய காதுதான் குளிர் தாங்காமல் அழுகியது. நறுக்கியவனைத்தான் குறைசொல்ல வேண்டும் என்று எழுதினாள்.

ஜனவரி நடுவில் தமிரான் நோட்டைப் படித்தான். கடைசிப் பக்கத்தில், இந்தப் பள்ளத்தாக்குக்கு இங்குள்ள நாயே ஏற்றது, வெளியிலிருந்து கொண்டுவருவதானால் அலபாய் ஒன்றை மட்டும், அதுவும் பாலுண்ணும் பருவத்திலேயே பட்டியில் விட்டு வளர்த்துப் பார்க்கலாம் என்று இருந்தது.

"அக்கா, எல்லாம் அருமையா எழுதியிருக்கீங்க. அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சிடுங்க. மத்ததை நான் அச்சடிச்சுக்கிறேன்."

"எண் போட்ட நோட்டு. கிழிச்சா எண் தப்பும்."

அவன் சிரித்தான். எண்ணை மாற்றி எழுதினால் போயிற்று என்றான். அவள் நோட்டை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பதினெட்டாம் நாள் மாவட்டத்திலிருந்து ஆணை வந்தது. கலப்பு நாய்களால் வெறிநோய் பரவுவதால், தேர்வில் தேறி, கழுத்தில் மாட்டும் நெகிழி வில்லை பெற்ற காவல் நாய்களை மட்டுமே மந்தையோடு வைத்திருக்கலாம். சிவப்புத் துணி இனிச் செல்லாது. வில்லை இல்லாத நாய்கள் மார்ச் மாதத்தில் அகற்றப்படும். தேர்வுப் படிவத்தையும் கூடவே அனுப்பியிருந்தார்கள். நூறு மதிப்பெண்ணில் உயரத்துக்கு முப்பது, பிடரிமயிருக்கு முப்பது, காவல் வேகத்துக்கு நாற்பது. தேற ஐம்பது வேண்டும். படிவத்தின் சொற்களில் பாதி, கொட்டகையில் தமிரான் வாயிலிருந்து அவள் கேட்ட சொற்கள். அர்ஸ்லான் உயரத்தில் இருபத்தொன்று வாங்கும். மயிரில் ஐந்தைத் தாண்டாது. உழைக்கிற நாய்க்குப் பிடரிமயிர் முள்ளில் கழிந்துவிடும். ஆகவே காவலில் குறைந்தது இருபத்து நான்கு வாங்கினால் அது உயிரோடிருக்கும். வாங்காவிட்டால் ஒரு குண்டு, ஒரு கத்தி, சாக்குக்குள் ஒரு வால்.

தேர்வாளராக வந்தவர் புரேவ், மாகாணக் கால்நடை அலுவலகத்துக்காரர். படித்தவர், கெட்டவர் அல்ல, எதையும் படிவத்துக்கு வெளியே பார்க்காதவர். முதல் நாள் தமிரானின் கொட்டகையில் தேர்வு வைத்து, காக்கசஸ் நாய்கள் சங்கிலி அறும்படி எகிறியதற்கு முழு நாற்பதையும் போட்டுவிட்டு வந்திருந்தார். விதி எளிமையானது. பஞ்சு வைத்துத் தைத்த கனத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, கையில் தடியோடு, நூறு காலடியிலிருந்து பட்டியை நோக்கி அந்நியனாக நடந்துவர வேண்டும். நாய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நொர்ஜ்மாவும் யொந்தோனும் கூடாரத்தின் பக்கத்தில் நின்றார்கள்.

அறுபதாவது காலடியில் புரேவ், அந்த நாட்டில் எந்தக் கூடாரத்தை அணுகும் எந்த மனிதனும் கூவுவதைப் போல, கை இரண்டையும் வாயருகே குவித்துக் கூவினார்.

"நாயைப் பிடிங்க!"

எழுந்து நின்றிருந்த அர்ஸ்லானின் காதுகள் தாழ்ந்தன. மூன்று முறை சம்பிரதாயமாகக் குரைத்தது. அவரை அரைவட்டமாகச் சுற்றிவந்து, பட்டிக்கும் அவருக்கும் இடையில் படுத்து, முன்னங்கால்களின் மேல் தலையை வைத்தது. பிறந்த நாள் முதலாக அது அறிந்திருந்த பாடம் அது: கூவிக்கொண்டு வருகிறவன் விருந்தாளி, கூவாமல் வருகிறவன் பகை. புரேவ் சுற்றிலும் நடந்து பார்த்தார். தடியை ஆட்டினார். பிறகு படிவத்தை எடுத்து, காவல் வேகம் என்பதற்கு எதிரே சுழியம் போட்டார்.

"தம்பி, விருந்தாளியா வந்தியா, திருடனா வந்தியா, முதல்ல அதை முடிவு பண்ணு," என்றான் யொந்தோன். "நாய் முடிவு பண்ணிடுச்சு."

கூவாமல் இன்னொரு முறை வரும்படி நொர்ஜ்மா கேட்டாள். புரேவ் ஒத்துக்கொண்டார், விதியில் இரண்டு வாய்ப்பு உண்டு. மறுபடியும் நூறு காலடிக்குப் போய் நடந்துவந்தார். இடைவெளி ஐம்பது காலடிக்குக் குறைந்தது. நாற்பதில் அர்ஸ்லான் சத்தமே இல்லாமல் எழுந்து அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையைக் கண்டதும் புரேவின் தொண்டை அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது. கூவி முடித்த பிறகுதான் தான் கூவியது அவருக்கே தெரிந்தது. அர்ஸ்லான் படுத்துக்கொண்டது.

"வாய் தானா கத்துதுக்கா. பேசத் தெரிஞ்ச நாள்லேர்ந்து பழகினது. நான் என்ன பண்ண?"

"அப்ப அதையே எழுது. கூப்பிட்டேன், நாய் படுத்துச்சுன்னு எழுது."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

கொட்டகையில் நேற்றும் கூவினீர்களா என்று கேட்டாள். கூவினாராம், அங்கே நாய்கள் கேட்கவில்லையாம். அதை அங்கேயாவது எழுதினீர்களா என்றாள். அதற்கும் கட்டம் இல்லை. அவள் அங்கேயே குந்தி, நடந்தவற்றை ஒரு தாளில் எழுதி, சாட்சி ஒப்பம் கேட்டாள். அரசு ஊழியர் தனித் தாளில் ஒப்பமிடக் கூடாது என்று புரேவ் வருத்தத்தோடு சொன்னார். கணவனின் ஒப்பம் செல்லாது. மொத்தம் இருபத்தாறு மதிப்பெண். குணம் என்ற இடத்தில் புரேவ் எழுதியிருந்த சொல்லை அவள் இரண்டு முறை படித்தாள். "மந்தம்." முப்பத்தொரு ஆண்டுக்குப் பின் அதே சொல்.

அவள் மூன்று மனுக்கள் எழுதினாள். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வாங்கினாள். சீட்டுகள் பெட்டிக்குள் போயின. மனுக்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மார்ச் பிறந்தது.

மிஷிக் வந்தது குட்டி ஈனும் காலத்தின் நடுவே, ஒரு முற்பகலில். பாசரைச் சுட்டவனும் அவன்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. பண்ணை போய் மாவட்டம் வந்தும், துப்பாக்கியும் சாக்கும் அவன் தோளிலேயே தங்கிவிட்டன. மோட்டார் சைக்கிளை மேட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, காற்றுக்கு எதிராக, ஓடையின் பள்ளத்தில் குனிந்து வந்தான். கூவவில்லை.

ஆடுகள் திடீரென ஒன்றோடொன்று நெருங்கும் குளம்பொலி கேட்டு, கையில் குட்டியின் பனிக்குடச் சளியோடு நொர்ஜ்மா வெளியே வந்தாள். அர்ஸ்லான் பட்டியருகே இல்லை. அது ஓடையைச் சுற்றி, மிஷிக்குக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குரைப்பும் இல்லை. அடுத்த கணம் அவன் முகங்குப்புற விழுந்தான். புரண்டு எழப்பார்த்தபோது நாயின் முன்னங்கால்கள் இரண்டும் அவன் மார்பில் இருந்தன. துப்பாக்கி நாலடி தள்ளிப் பனியில் குத்தி நின்றது. அதை எடுக்க நீண்ட கையின் மணிக்கட்டை அர்ஸ்லானின் வாய் பற்றியது, கடிக்கவில்லை, பிடித்துக்கொண்டது. பட்டிக்கும் அவனுக்கும் இடையே தூரம் நூற்றுப் பதினாறு காலடி. பிறகு அவள் அளந்தாள். அப்போது அளக்கவில்லை, நாயை அழைக்கவுமில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிஷிக் சற்று நேரம் நாயின் முகத்தைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு, கீழே கிடந்தபடியே, நடுங்கும் குரலில் கூவினான். "நாயைப் பிடிங்க!"

அர்ஸ்லான் வாயைத் திறந்தது. காலை எடுத்தது. நாலடி நடந்து, அவனுக்கும் ஆடுகளுக்கும் நடுவே படுத்தது.

கூவிவிட்டவன் விருந்தாளி. அவனுக்குத் தேநீர் கொடுக்காமலிருக்க முடியாது என்பதை எண்ணவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் உப்புத் தேநீரை ஊற்றினாள். சாக்கையும் துப்பாக்கியையும் வெளியே போடச் சொன்னாள். சாக்கின் அடி நனைந்து கறுத்திருந்தது. அவன் நகத்தடியில் காய்ந்த இரத்தமும், சட்டைக் கைகளில் பல நிறத்து மயிரும் இருந்தன. அந்த விரல்களாலேயே தயிர்க்கட்டியை எடுத்துத் தேநீரில் தோய்த்துச் சப்பினான். யொந்தோன் வந்து எதிரே உட்கார்ந்தான். நொர்ஜ்மா கோடு போட்ட தாளையும் பேனாவையும் மிஷிக்கின் முன்னால் வைத்தாள்.

"எழுது."

"என்னத்தக்கா எழுத?"

"நடந்ததை. கூப்பிடாம வந்தே, நாய் என்ன பண்ணுச்சு. அப்புறம் கூப்பிட்டே, என்ன பண்ணுச்சு."

"இதை எழுதிக் குடுத்தா ஊரே சிரிக்குமே."

"இப்ப உன் பேண்ட்டைப் பாத்தா மட்டும் என்ன, அழவா போறாங்க?" என்றான் யொந்தோன்.

மிஷிக் எழுதினான். அவன் மாவட்டம் கூலிக்கு வைத்திருக்கும் ஆள், அரசு ஊழியன் அல்ல, உறவும் அல்ல. அவன் ஒப்பம் செல்லும். ஒவ்வொரு வரியையும் அவள் படித்துத் திருத்தச் சொன்னாள். எந்த வாக்குமூலத்திலும் காரணம் இருக்கவேண்டும் என்பது அவளுடைய முறை. ஏன் கூவாமல் வந்தான் என்பதையும் எழுதச் சொன்னாள். அவன் பேனாவை வைத்துவிட்டு, தொழில் தெரியாதவர்களுக்குத் தொழிலை விளக்குகிறவனைப் போலப் பொறுமையாகச் சொன்னான்.

"வீட்ல ஆள் இருந்தா கூப்பிட மாட்டேன்கா. வெளிய வந்து அழுவாங்க, சண்டை போடுவாங்க. ஆள் இல்லைன்னா கூப்பிட்டுட்டே போவேன். அதான் லேசு. கூப்பிட்டா நல்ல நாய் படுத்துக்கும். ஒரே குண்டுல முடிஞ்சிடும். கேடுகெட்ட நாய்ங்கதான் கூப்பிட்டாலும் கேக்காம பாயும். அதுங்க கிட்ட யாரு போவா? விட்டுட்டு வந்துடுவேன்."

தயிர்க்கட்டியை மறுபடியும் தோய்த்தான்.

"உங்க பாசரும் அப்படித்தான். நீங்க ஆபீசுக்குப் போயிருந்தீங்க. பாதையிலேர்ந்தே கூப்பிட்டுட்டு வந்தேன். வாலை ஆட்டிட்டுப் படுத்துச்சு, பாவம்."

அடுப்பருகே புதிதாய்ப் பிறந்த குட்டி எழுந்து நிற்கப் பார்த்து விழுந்தது. பிரிவுத் தலைவரிடம் என்ன சொன்னாய் என்று நொர்ஜ்மா கேட்டாள். அவள் குரல் மாறவில்லை.

"படுத்திருந்துச்சான்னு கேட்டாரு. படுத்திருந்துச்சுன்னேன். பொய் இல்லையே?"

பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. புரேவும் பொய் எழுதவில்லை. கூவிய மனிதனைப் பற்றி இரண்டு அறிக்கையும் பேசவில்லை, அவ்வளவுதான். அவளும் பேசவில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்தில், கண்ணால் பார்க்காத ஒன்றை, அவளே தன் கையால் எழுதியிருக்கிறாள்: காவல், இல்லை. ஆறு ஆண்டு உடன் இருந்த நாயை விட்டுவிட்டு, ஒன்பது வரித் தாளை நம்பினாள். மிஷிக்கிடம் ஏற்பட்ட அருவருப்பு அப்படியே திரும்பி அவள் மேலேயே வந்தது.

இரண்டாவது தாளை எடுத்து வைத்தாள்.

"அதையும் எழுது."

"முப்பத்தோரு வருஷம் ஆச்சேக்கா. இப்ப அது எதுக்கு?"

"1984, மார்ச். தேதி ஒன்பது. மேல போடு."

அவன் எழுதி, ஒப்பமிட்டு, பெருவிரலையும் மையில் அழுத்திக் கொடுத்தான். வெளியே சாக்கைத் தூக்கும்போது அதன் வாய் அவிழ்ந்து வால்கள் பனியில் சரிந்தன. பதினொன்று. நொர்ஜ்மா குனிந்து பார்த்தாள். நுனி வெளுத்த இரண்டும் வடசரிவு வீட்டுடையவை. அவள் அளந்த நாய்கள், நாற்பத்தெட்டாம் எண்ணும் ஐம்பதாம் எண்ணும். சாம்பல் வால் ஆற்று வளைவில் தனியாக இருந்த கிழவரின் நாயுடையது. மூன்றுமே விருந்தாளிக்குப் படுக்கும் நாய்கள். இந்தப் பள்ளத்தாக்கில் நல்ல நாய்கள் ஆண்டுக்காண்டு குறைந்து, காரணமின்றிக் கடிக்கும் நாய்கள் பெருகுவது ஏன் என்று அவள் நோட்டுகளில் மூன்று காரணங்கள் எழுதியிருந்தாள்: தீனிக் குறைவு, கலப்பு, பட்டியில் வளர்க்காமை. நான்காவது காரணம் அவள் காலடியில் உறைந்து கிடந்தது. முப்பது வசந்தங்களாக, மரியாதை தெரிந்த நாய்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிச் சுட்டிருக்கிறார்கள். மிஷிக் ஒவ்வொன்றாக எடுத்து, பனியைத் தட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டான். ஒன்று குறைந்தாலும் கேட்பார்கள் என்றான்.

அவன் போனதும் அவள் அவன் குடித்த கிண்ணத்தைச் சாம்பல் போட்டு மூன்று முறை தேய்த்தாள். பிறகு எடுத்துப்போய் ஓடைப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்தாள்.

மறுநாள் அவள் மாவட்ட அலுவலகத்துக்குப் போனாள். தேர்வுகளுக்காக அங்கே தங்கியிருந்த புரேவ் முதல் தாளை இரண்டு தடவை படித்தார். மிஷிக்கின் கையெழுத்து அவருக்குத் தெரியும். படிவத்தை எடுத்து, சுழியத்தை அடித்து நாற்பது என்று எழுதினார். மந்தம் என்பதையும் அடித்தார். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று தெரியாமல் இடத்தை வெறுமையாகவே விட்டார். 212 என்ற எண்ணிட்ட மஞ்சள் வில்லையைக் கொடுத்தார். அவள் அதற்குச் சீட்டுக் கேட்டாள். பதினொரு வால்களைப் பற்றியும் நான்காவது காரணத்தைப் பற்றியும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கட்டம் இல்லை என்று இம்முறை வாய்விட்டுச் சொல்லவில்லை. படிவத்தை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். தமிரானின் குட்டிகள் அந்த மாதமே பதினேழு வீடுகளுக்குப் போயின.

இரண்டாவது தாளை அவள் அங்கே காட்டவில்லை. யாரிடம் காட்டுவது? பண்ணை இல்லை, பிரிவு இல்லை, பலகை இல்லை. அந்தத் தலைவர் செத்துப் பத்தாண்டு ஆகிறது. அவர் சாவுக்கு அவள் போயிருந்தாள், கையில் பால் கட்டிகளோடு. பெட்டியின் அடியிலிருந்த ஒன்பது வரித் தாளின் மேல் இதை வைத்து, இரண்டையும் ஒரே நூலால் கட்டினாள். முதல் நோட்டை எடுத்து "இல்லை" என்பதை, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி, ஒற்றைக் கோட்டால் அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: "காவல்: உண்டு. அழைத்தவனுக்குப் படுத்தது. என் பதிவு தவறு." தேதி போட்டு ஒப்பமிட்டாள்.

வில்லை அர்ஸ்லானின் கழுத்தில் ஏறிய நாலாம் நாள், பாதையிலிருந்து யாரோ வழக்கம்போல நாயைப் பிடிக்கச் சொல்லிக் கூவினார்கள். அர்ஸ்லான் மூன்று முறை குரைத்துவிட்டுப் படுத்தது. வழக்கமாக அவள் உள்ளிருந்தபடியே வரச்சொல்லிக் குரல் கொடுப்பாள். அன்று வெளியே வந்தாள். நாய்க்கு முன்னால் போய் நின்றாள். வருகிறவர் அருகே வந்து, அவருடைய இரண்டு கைகளும் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்க்கும் வரை, உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.